குழம்பு தண்ணியாப் போனால்

இசக்கிசெல்விக்கு ஆகாத சாமான் மொத்தம் பதினாலு. யாராவது கேட்டால் அவள் அம்மா பேச்சி ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். பால், முட்டை, செம்மீன், கடலை ஆகிய நாலும் டாக்டர் வாயால் வந்தவை. அதனால் குரலை உயர்த்திச் சொல்லுவாள். கத்திரிக்காய், தக்காளி, தேங்காய், வெண்டைக்காய், அயிலை மீன், கப்பைக் கிழங்கு, சேனை, முருங்கைக்காய், கோதுமை, ஏத்தப்பழம் என்ற மீதிப் பத்தும் அவளாகவே மகளின் உடம்பைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தவை. அவற்றை இன்னும் உரக்கச் சொல்லுவாள்.

கண்டுபிடித்த விதம் எளிது. என்றைக்காவது செல்விக்கு உதடு வீங்கும், கழுத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பும். அன்றைக்குக் குழம்பில் என்ன கிடந்ததோ அது மறுநாளிலிருந்து வீட்டுக்குள் வராது. அதற்கு மேல் விசாரணை கிடையாது. பதிமூன்று வயதில், தக்காளிக் குழம்பு சாப்பிட்ட ஒரு மத்தியானம் மூச்சே அடைத்துப்போய், பாண்டியராஜன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து முழுக்க ஓடி ஆட்டோ பிடித்தான். அன்றோடு தக்காளி போயிற்று. தேங்காய் அதற்கு முந்தியே போயிருந்தது. கொச்சியில் இருந்துகொண்டு தேங்காய் இல்லாமல் குழம்பு வைப்பவள் இவள் ஒருத்திதான் என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். பேச்சி சட்டை செய்யமாட்டாள்.

கொச்சங்காடியில் சுக்கு மூட்டை அடுக்கும் ஒரு கிடங்கின் பின்பக்கம் வீடு. ஒன்றரை அறை. அந்தக் கிடங்கில்தான் பாண்டியராஜன் சுமை தூக்குகிறான். முட்டையோ செம்மீனோ தின்ன ஆசை வந்தால் சாயாக்கடையில் தின்றுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, வாய் கொப்பளித்த பிறகுதான் அவனுக்கு வீட்டில் அனுமதி. பேச்சி அதுவும் செய்வதில்லை. பிள்ளை திங்காததை நான் எப்படித் திங்க என்பாள். பூசணிக்காய், சுரைக்காய், பயறு, வறுத்த மத்தி. பல வருஷமாக அந்த அடுப்பில் இவைதான் முறைவைத்து வந்துபோய்க்கொண்டிருந்தன.

இருபத்தியொரு வயது வரை அம்மா கையால் அல்லாமல் ஒரு வாய்ச் சோறு செல்வி தின்றதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் தூக்குப்பாத்திரம், காலேஜுக்கும் அதே தூக்குப்பாத்திரம். கூடப் படித்தவளின் கல்யாணத்துக்குப் போய், எல்லோரும் பிரியாணிப் பந்தியில் உட்கார, இவள் கை கழுவும் இடத்துப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மூடியைத் திறந்தாள். கல்யாணப் பெண்ணின் அண்ணன் அனூப் பார்த்துவிட்டு, இவளைக் கட்டுகிறவன் இவள் அம்மாவையும் சேர்த்தல்லவா கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று கேலி செய்தான். வீட்டில் வந்து சொன்னபோது பேச்சிக்கு ஒரே சிரிப்பு. அவன் சொன்னதில் என்ன தப்பு என்று கேட்டாள். செல்வி சிரிக்கவில்லை.

பேச்சியும் எங்கும் போனதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே முந்தின ராத்திரி ரயிலேறி, தாலி கட்டி முடித்த கையோடு திரும்பியவள் அவள். எந்த வீட்டிலும் ஒரு நாள் தங்கியதில்லை. தங்கினால் இங்கே யார் உலை வைப்பது.

இந்த நிலைமையில்தான் திருச்சூரிலிருந்து வேலை வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் ஒரு வருடப் பயிற்சி. நன்றாகச் செய்தால் அங்கேயே நிரந்தரம். மூன்று ஷிஃப்ட் என்பதால் ஹாஸ்டலில் தங்கியே ஆகவேண்டும். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேரவேண்டும். ஹாஸ்டல் மேட்ரன் கமலாக்ஷி என்ற அம்மாள் போனில் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். ஆனால் கணக்கைக் கேட்டதும், பதினாலா என்று திருப்பிக் கேட்டாள்.

"அஞ்சு சாதனம் வரெ நோக்காம் மோளே. அதுக்கு மேல எனக்குப் பற்றில்ல" என்றாள். நூற்றிருபது பேருக்குச் சமைக்கிற இடம். அஞ்சு சாமான் வரைக்கும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் முடியாது. அறையில் அடுப்பு வைக்கவும் கூடாது. டாக்டரிடம் எழுதி வாங்கி, சேருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்கு.

பேச்சி முதலில் காதிலேயே வாங்கவில்லை. பிறகு ஒரு நாள் சுரைக்காய் நறுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அங்க உனக்கு உதடு வீங்குச்சுன்னா யாருட்டி பாப்பா?"

"ஆஸ்பத்திரிலதானம்மா இருப்பேன்."

"ஆஸ்பத்திரில நோயாளியப் பாப்பாங்க. உன்னைய யாரு பாப்பா?"

அந்தப் பதினாலும் செல்விக்கு ஒரு சுவர் மாதிரி. ஒவ்வொரு கல்லையும் அம்மா பிரியத்தோடுதான் வைத்தாள், எந்தக் கல்லைக் குறை சொல்வது. பால், முட்டை என்று நாலு பெயரை ஒரு டாக்டர் சொன்னார், செல்விக்கு அப்போது ஐந்து வயது, ஊரைவிட்டுக் கொச்சிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சிக்கு மலையாளம் ஒரு சொல் தெரியாது. அந்த நாலையும் மறந்துவிடக்கூடாதென்று பஸ் இறங்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாளாம். ஊரிலிருந்து கொண்டுவந்த அரைப் படி வறுத்த கடலையை அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். டாக்டர் எழுதிய சீட்டு வீடு மாறும்போது எங்கோ போயிற்று. மனப்பாடமாக இருக்கும்போது சீட்டு எதற்கு.

கடைசியில் அலர்ஜி சோதனைக்குப் பேச்சியே சம்மதித்தாள். டாக்டர் பதினாலையும் எழுதித் தரட்டும், அதைப் பார்த்துவிட்டு உன் மேட்ரன் என்ன சொல்கிறாள் என்று பார்ப்போம் என்பது அவள் கணக்கு. சோதனைக்கு முந்தி ஒரு வாரம் அலர்ஜி மாத்திரை போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஏழு நாளும் மகளுக்கு வெறும் கஞ்சி ஊற்றினாள், தொட்டுக்கொள்ள உப்பு.

அந்த வெள்ளிக்கிழமை எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் சோதனை அறைக்குள் செல்வியை மட்டும்தான் விட்டார்கள். பேச்சி வெளிப்பெஞ்சில் தூக்குப்பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே சோனியா என்ற நர்ஸ், செல்வியின் முன்னங்கையில் பேனாவால் இரண்டு வரிசையாக எண்கள் போட்டாள். என்னென்ன ஆகாது என்று கேட்டாள். செல்வி மலையாளத்தில் அடுக்கினாள், பால், முட்ட, செம்மீன், கப்பலண்டி என்று தொடங்கி.

"மதி, மதி" என்று சோனியா கையைக் காட்டினாள். "காத்து பற்றுமோ உனக்கு?" காற்றாவது ஒத்துக்கொள்ளுமா என்று கேலி.

ஒவ்வொரு எண்ணின் பக்கமும் ஒரு சொட்டு மருந்து, அதன்மேல் ஊசியால் ஒரு சின்னக் குத்து. இருபது நிமிடம் சொறியக்கூடாது. ஐந்தே நிமிடத்தில் கை அரிக்கத் தொடங்கியது. செல்வி பார்க்காமல் இருக்க முயன்றாள். பார்த்தாள். எண்கள் பெரும்பாலும் தட்டையாகக் கிடந்தன. நாலே நாலு இடத்தில் தோல் கொப்புளமாக எழும்பியிருந்தது. அதில் ஒன்று பத்து ரூபாய்க் காசு அளவுக்கு.

இளவயசு டாக்டரம்மா ஸ்கேலை வைத்து அளந்தாள், சோனியா எழுதிக்கொண்டாள். தக்காளி ஒன்றுமில்லை. தேங்காய் ஒன்றுமில்லை. கோதுமை, வெண்டைக்காய், அயிலை ஒன்றுமில்லை. செல்வி பெரிய கொப்புளத்தைக் காட்டி, இது கப்பலண்டியா என்று கேட்டாள்.

"அல்ல. கப்பலண்டி இதா, இவிடெ. ஒண்ணும் இல்ல" என்று சோனியா வேறொரு எண்ணைத் தொட்டுக் காட்டினாள். "இது கடல. புட்டோடு கூட்டித் தின்னுமே, அந்தக் கடல."

செல்விக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. வீட்டில் கடலை என்றால் வேர்க்கடலை. அம்மாவின் ஊரில் அதற்கு வேறு பெயரே கிடையாது. அதையே வெளியில் எல்லோரும் கப்பலண்டி என்பார்கள். கடல என்றால் இங்கே கொண்டைக்கடலை, கறுப்பாக, சின்னதாக இருப்பது. இரண்டு சொல்லும் செல்விக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். ஒன்று வீட்டுக்குள் பேசுவது, ஒன்று வாசல் தாண்டினால் பேசுவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. அம்மா சொன்ன கடலையை அவள்தான் பிழையில்லாமல் மாற்றி, ஊர் முழுக்கக் கப்பலண்டி ஆகாது என்று சொல்லிவைத்தாள். பழைய டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மூன்று மாத மலையாளத்தோடு நின்ற பேச்சி தன் ஊர்க் காதால் அதைக் கேட்டாள்.

அப்படியானாலும் பாதகமில்லை, எங்கள் வீட்டில் கொண்டைக்கடலை வாங்குவதே கிடையாதே என்றாள் செல்வி. டாக்டரம்மா பேனாவை மூடவில்லை. பிறகு எப்படி உடம்பு வீங்கியது என்று கேட்டாள். கடலைமாவு? பஜ்ஜி? இல்லை. பொட்டுகடல?

அந்தப் பெயர் செல்விக்குச் சட்டென்று பிடிபடவில்லை. சோனியா விளக்கினாள். வெள்ளையாக இருக்கும், கையால் நசுக்கினால் இரண்டாகப் பிளக்கும், சட்னிக்கு அரைப்பார்கள்.

"பொரிகடலையா?" என்றாள் செல்வி. "அதுவும் கடலதானா?"

"பின்னே? கடல வறுத்து தொலி களஞ்ஞதல்லே அது."

தோலை நீக்கிவிட்டால் அடையாளமா தெரியப்போகிறது. ஆனால் செல்விக்கு அந்தக் கணமே அடுப்புக்கு மேல் பலகையில் இருக்கும் எவர்சில்வர் டப்பா கண்முன் வந்தது. பொரிகடலைப் பொடி. குழம்பு தண்ணியாப் போனால் பேச்சி அதில் ஒரு கரண்டி எடுத்துக் கரைத்து ஊற்றுவாள். எல்லா நாளும் இல்லை, தண்ணியாகப் போன நாளில் மட்டும். அதனால்தான் வீக்கமும் எல்லா நாளும் வரவில்லை. அன்றைக்குக் குழம்பில் மிதந்த கத்திரிக்காய்தான் கண்ணில் பட்டது, கரைந்துபோன பொடி யார் கண்ணுக்கும் படவில்லை. தேங்காயை நிறுத்திய பிறகு குழம்பு அடிக்கடி தண்ணியாகப் போயிற்று, டப்பாவும் பெரிதாயிற்று. தக்காளிக் குழம்பன்று இரண்டு கரண்டி போட்டிருப்பாளாயிருக்கும். வறுத்த மத்தி இத்தனை வருஷமும் தப்பித்ததே, அதில் குழம்பு இல்லை, அவ்வளவுதான். பூசணியும் சுரையும் பயறும் பெரும்பாலும் கூட்டாகவே வந்ததால் தப்பின.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த கடிதத்தில் நாலே பெயர். மேட்ரன் சொன்ன வரம்பு அஞ்சு.

வெளியே வந்தபோது பேச்சி எழுந்து நின்றாள். "என்னட்டி சொன்னாங்க?"

"வீட்ல போய்ச் சொல்றேம்மா."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் மகளை விட்டு, பேச்சி ஒட்டி உட்கார்ந்தாள். மகளின் மௌனத்தை அவள் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டுவிட்டாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. திருச்சூர் இல்லையென்றால் என்ன, தோப்பும்படியில் ஒரு லேப் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம், மத்தியானம் நானே சோறு கொண்டுவந்து தருவேன் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். செல்வி கடிதத்தைப் பைக்குள் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொய் சொல்லிவிடலாம். நாலாவது கப்பலண்டிதான், அம்மா சொன்னது சரிதான் என்றால் போதும். ஆனால் அம்மா அடுத்த கேள்வி கேட்பாள். மீதிப் பத்தும் இல்லையென்றால் அந்த வீக்கமெல்லாம் எதனால் வந்தது? அதற்குப் பதில் இல்லாமல் பேச்சி ஒரு நாளும் கதவைத் திறக்கமாட்டாள். ஆஸ்பத்திரி மெஷின் பொய், நான் என் கண்ணால் பார்த்தேன் என்பாள். நிஜத்தைச் சொன்னால்தான் கதவு திறக்கும். சொன்னால், பதினாறு வருஷம் உன்னை வீங்கவைத்தது என் கைதானா என்று அம்மா கேட்பாள். பஸ் தோப்பும்படிப் பாலத்தில் நின்று நின்று போயிற்று. அந்தப் பாலம் முடியாமலே இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. பேச்சி சேலையைக்கூட மாற்றவில்லை. ஏழு நாள் கஞ்சி குடித்த பிள்ளை என்று நேராக அடுப்பைப் பற்றவைத்துப் பூசணிக்காய்க் குழம்பு வைத்தாள். செல்வி சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றாள். குழம்பு கொதித்தது. பேச்சி கரண்டியால் மொண்டு ஊற்றிப் பார்த்தாள்.

"சே, தண்ணியாப் போச்சு" என்று பலகைக்குக் கையை நீட்டினாள்.

"பொடி வேண்டாம்மா."

"சோத்துல நிக்காதுட்டி."

"நிக்காட்டி பரவால்ல. வேண்டாம்."

பேச்சி டப்பாவை எடுத்தே விட்டாள். மூடியில் விரல் இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். செல்வி கடிதத்தை எடுத்து நாலு பெயரையும் வாசித்தாள். கடைசிப் பெயரை வாசித்துவிட்டு, நம்ம கடலை இல்லம்மா, இவங்க கடலை என்றாள். பொரிகடலை எதிலிருந்து வருகிறது என்பதையும், சோனியா சொன்ன மாதிரியே சொன்னாள். குரல் நடுங்காமல் இருக்கவேண்டுமென்று மெதுவாகச் சொன்னாள். அதனால் அது இன்னும் குரூரமாகக் கேட்டது.

பேச்சி அழவில்லை. அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"தக்காளி இல்லியா?"

"இல்லம்மா."

"மூச்சு நின்னுச்சே அன்னைக்கு, அது?"

செல்வி டப்பாவைப் பார்த்தாள். பேச்சி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள், அதில் ஏதோ வாசனை தெரிந்துவிடும் என்பது போல. பிறகு மூடினாள். மலையாளம் இப்போது அவளுக்கு எவ்வளவோ தெரியும். சந்தையில் பேரம் பேசுவாள், சண்டை பிடிப்பாள், கடலைக்கும் கப்பலண்டிக்கும் வித்தியாசம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். அந்த முதல் வருஷத்துச் சொல்லை மட்டும் எடுத்துத் தட்டிப் பார்க்கவில்லை. அது டாக்டர் சொன்ன சொல் ஆயிற்றே.

மகள் பயந்தது அழுகைக்கு. வந்தது வேறு. பேச்சி திரும்பி மகளின் கையைப் பிடித்தாள், கொப்புளம் இன்னும் வாடாத அந்தக் கையை.

"அப்ப இனி சரியாச் செஞ்சிரலாம்லா" என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம். "இனி எதுக்குட்டி நீ போகணும்? நாளைக்கே தக்காளி வாங்குதேன். தேங்கா அரைச்சு அயிலக் கொழம்பு வைக்கேன். இத்தனை வருசமும் தப்பா ஆக்கிப் போட்டிருக்கேன். ஒரு வருசம் சரியா ஆக்கிப் போட உடு. ஒரே ஒரு வருசம்."

செல்விக்குக் காற்று போதவில்லை. இது குழம்பு தின்று வந்த மூச்சடைப்பு இல்லை, மாத்திரைக்குக் கேட்கிற மூச்சடைப்பும் இல்லை. தவறு என்று தெரிந்தால் சுவர் விழும் என்று நினைத்தாள். அம்மா அந்தத் தவற்றையே எடுத்துப் புதுச் சுவர் கட்டுகிறாள், அதுவும் தேங்காய் அரைத்து. இந்தக் கையை உதறினால் அவளைத் தண்டித்த மாதிரி ஆகும். உதறாவிட்டால் ஒரு வருஷம் இரண்டாகும், இரண்டு நாலாகும். மணி ஐந்தே முக்கால்.

"ஒரு வருசம் கழிச்சு அந்த இடம் இருக்காதும்மா" என்றாள்.

"வேற வரும்."

"அப்பயும் நீ இதேதான் சொல்லுவே."

பேச்சி மறுக்கவில்லை. பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. பிடித்த கையையும் விடவில்லை. செல்வி மறு கையால் போனை எடுத்து, கட்டை விரலாலேயே தேடி, மேட்ரனைக் கூப்பிட்டாள். அந்தச் சின்னச் சமையல்கட்டில் கமலாக்ஷியின் குரல் இருவருக்கும் கேட்டது. எத்தனை என்று கேட்டாள். நாலு என்றாள் செல்வி. சொல்லு, எழுதிக்கொள்கிறேன் என்றாள். பால். முட்ட. செம்மீன். அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டில் இருந்தன.

"கடல" என்றாள்.

"கப்பலண்டியோ?"

"அல்ல. கடல."

சரி, காலையில் கடலைக்கறி வைக்கிற நாளில் உனக்கு வேறு ஏதாவது தருகிறோம் என்று மேட்ரன் எழுதிக்கொள்ளத் தொடங்கினாள். பேச்சி மகளின் முகத்தைப் பார்க்காமல், குழம்பைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"பொட்டுகடலையும் எழுதச் சொல்லு. கறி தண்ணியாப் போனா அவங்களும் போடுவாங்க."

செல்வி அதைச் சொன்னாள். கடலைமாவையும் சேர்த்துச் சொன்னாள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கடிதத்தோடு வரவேண்டும், தாமதிக்கக்கூடாது என்றாள் மேட்ரன். வருகிறேன் என்று சொல்லி செல்வி போனை வைத்தாள்.

"எத்தன பேருக்கு ஆக்குதாங்க அங்க?" என்று பேச்சி கேட்டாள்.

"நூத்தியிருவது."

"நூத்தியிருவது" என்று பேச்சி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டை விட்டாள். சோற்றைத் தட்டில் போட்டு, பொடி கரைக்காத குழம்பை அதன்மேல் ஊற்றினாள். குழம்பு சோற்றில் நிற்காமல் தட்டு முழுக்க ஓடியது. அவள் தட்டை நீட்டவில்லை. முதலில் தானே ஒரு வாய் எடுத்துத் தின்று, விழுங்கி, மகளுக்கு ஏதாவது ஆகிறதா என்பது போல அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.